ரிஷிகேஷ் ராஃப்டிங்: 24 கிலோமீட்டருக்குப் பணம் கட்டினோம், 9 கிலோமீட்டர்தான் கூட்டிப்போனார்கள்

போன மார்ச்சில் நான், தம்பி, தம்பி மனைவி, நண்பர்கள் இரண்டு பேர் என ஐந்து பேர் ரிஷிகேஷ் போயிருந்தோம். அங்கே தபோவனம் பகுதியில் வரிசையாக இருக்கும் கடைகளில் ஒன்றில், ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் மரைன் டிரைவ் என்ற இடத்தில் இருந்து கங்கையில் ரப்பர் படகில் வரும் 24 கிலோமீட்டர் ராஃப்டிங்குக்குப் பேசி, முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிட்டோம். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். வரவே இல்லை.

அங்கே எந்த இடத்தில் படகு ஏறுகிறோம் என்பதை வைத்துத்தான் விலை. பிரம்மபுரி என்றால் சுமார் 9 கிலோமீட்டர், சிவ்புரி 16, மரைன் டிரைவ் 24, கௌடியாலா 36. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் மாதிரியான பெரிய ரேபிட்கள் (ஆறு வேகமாக அலையடித்து ஓடும் இடங்கள்) எல்லாம் பிரம்மபுரிக்கு மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே ஏறினால் அவற்றைப் பார்க்கக்கூட முடியாது.

எங்கள் ஜீப் பிரம்மபுரியிலேயே நின்றது. "மேலே தண்ணீர் அதிகம், மூடிவிட்டார்கள்" என்றார் கைடு. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூரையில் படகு கட்டிய இரண்டு ஜீப்புகள் எங்களைத் தாண்டி மேலே போயின. கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் அவர்கள் கையில் இருந்தது, வேறு வழியில்லாமல் இறங்கினோம்.

சரி, தூரம்தான் போனது என்று விட்டிருப்பேன். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தம்பி மனைவிக்குக் கொடுத்ததில் நடு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் ஷூ கயிறு கட்டியிருந்தது. வேறு கேட்டோம், "ஒன்றும் ஆகாது" என்றார்கள். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை. ஆறு அமைதியாக ஓடும் ஓரிடத்தில், படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம் என்று கைடு சொன்னதும் அவள் இறங்கினாள். அந்த ஷூ கயிறு அவிழ்ந்து ஜாக்கெட் காதுவரை ஏறிவிட்டது. உள்ளே முகம் தெரியவில்லை, இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. மலைப்பனி உருகி வரும் தண்ணீர், அந்தக் குளிரில் அவளால் கத்தவும் முடியவில்லை. தம்பிதான் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான். அலை அடிக்கும் இடத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

போகிறவர்கள் தயவுசெய்து பாதிப் பணம் மட்டும் முதலில் கொடுங்கள். ஏறும் இடத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஜீப்பில் ஏறியதும் போனில் மேப்பைத் திறந்து வையுங்கள், மரைன் டிரைவ் சிவ்புரியைத் தாண்டித்தான் வரும். ஜாக்கெட்டைப் போட்டு எல்லா பக்கிளையும் மாட்டிய பிறகு, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேலே ஏறினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புக் கயாக் (விழுந்தவர்களை மீட்க வரும் சிறு படகு) வருகிறதா என்றும் கேளுங்கள், எங்களுடன் வரவில்லை.

திரும்பி வந்து பணம் கேட்டோம். வீடியோவை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். அதில் அவள் விழுந்த இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள்.