ஐ.டி. துறை: டிக்கெட் மூடவா, வெளியே விடவா, கூட்டத்தில் உட்காரவா?

மாலை ஏழு மணி. சரக்கு லாரியில் ஏறிவிட்டது, ஐ.ஆர்.என். (அரசின் இ-இன்வாய்ஸ் தளம் பில்லுக்குத் தரும் பதிவு எண்) மட்டும் வரவில்லை. வாங்குபவரின் பின்கோடு அவர் மாநிலத்தோடு பொருந்தவில்லை என்று இ-இன்வாய்ஸ் தளம் பில்லைத் திருப்பிவிட்டது. டிஸ்பாட்ச் ஆள் ஐ.டி.க்குப் போன் போடுகிறார். கோவையிலோ ஓசூரிலோ பம்பு, வார்ப்பு, கியர் செய்யும் நடுத்தர ஆலைகளுக்கு இது பழகிய காட்சி. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்துவிட்டதால், ஐ.டி. சிக்கல் என்பது இப்போது கேட்டில் நிற்கும் வண்டியின் சிக்கல்.

அந்தப் போனுக்குப் பிறகு நடப்பதைப் பார்த்தால் போதும், அந்த நிறுவனம் ஐ.டி.யை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 300 கோடி விற்றுமுதல், இரண்டு ஆலைகள், 250 பயனர்கள், ஐ.டி.யில் 8 பேர் என்று ஓர் ஆலையைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் மூன்று வழிகள் உண்டு: கேட்டதைச் செய்துகொடுக்கும் சேவைப் பிரிவு, வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தம், தொழிலின் முடிவுகளில் பங்கெடுக்கும் பங்காளி ஐ.டி.

ஒரே போன், மூன்று பதில்கள்

சேவைப் பிரிவில் ஒருவர் வாடிக்கையாளர் மாஸ்டரை (நிலையான விவரப் பதிவை) திறந்து பின்கோடைத் திருத்துகிறார். இருபது நிமிடத்தில் வண்டி கிளம்புகிறது, டிக்கெட் (புகார்ப் பதிவு) மூடப்படுகிறது. மாத அறிக்கையில் எஸ்.எல்.ஏ. (ஒப்புக்கொண்ட சேவை அளவு) பச்சை. அடுத்த வாரம் வேறொரு வாடிக்கையாளருக்கு அதே தவறு, அதே டிக்கெட். எண்ணிக்கை கூடக் கூட ஐ.டி. சுறுசுறுப்பாகத் தெரியும்; தவறு பிறக்கும் இடத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

வெளி ஒப்பந்தத்தில் முதல் கேள்வி, இது வரம்புக்குள் வருமா என்பது. சர்வரும் நெட்வொர்க்கும் ஓடுகின்றன. மாஸ்டர் தரவு ஒப்பந்தத்தில் இல்லை. ஒப்பந்தக்காரர் தவறு செய்யவில்லை, எழுதியதைத்தான் செய்கிறார். இங்கே ஒரு கணக்கை ஒவ்வொரு நிதி மேலாளரும் போட்டுப் பார்க்க வேண்டும்: 99.5 சதவீத இயக்க உறுதி என்றால் 30 நாளில் 3 மணி 36 நிமிடம் நின்றுபோகலாம். அது 30-ஆம் தேதி மாலை ஒரே மூச்சில் நின்றால் மாதக் கடைசி டிஸ்பாட்ச் முழுவதும் போய்விடும். ஒப்பந்தப்படி அபராதம் எதுவும் கிடையாது. மாதத்தின் கடைசி மூன்று நாள்களுக்குத் தனி இயக்க உறுதி எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வகை ஐ.டி. வண்டியை அனுப்பிவிட்டு, மறுநாள் ஆறு மாத டிக்கெட்டுகளைக் காரணவாரியாகப் பிரிக்கிறது. புது வாடிக்கையாளர் விவரம் விற்பனை ஆளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது, பில் போடுபவர் அதைத் தட்டச்சு செய்கிறார், இடையில் சரிபார்ப்பவர் யாருமில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. தீர்வு மாஸ்டர் உருவாகும் இடத்தில் இருக்கிறது: ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்ததும் பெயர், முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா என்ற மூன்றும் தளத்திலிருந்து இறங்க வேண்டும். கையால் அடிக்க இடம் தரக்கூடாது.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைத் தீர்மானிக்கும் சோதனையை எழுதினால் 605-இல் விழுந்துவிடும். விழுப்புரமும் 605, புதுச்சேரியும் 605, ஜி.எஸ்.டி. மாநிலக் குறியீடோ முன்னதற்கு 33, பின்னதற்கு 34. காரைக்காலுக்கும் மயிலாடுதுறைக்கும் 609-இல் இதே கதை. ஆறு இலக்கமும் கொண்ட முழுப் பட்டியலை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இது தெரிந்திருப்பவர் ஐ.டி. ஆளில்லை, பத்து வருடம் பில் போட்டவர். அவரோடு உட்காராமல் எழுதிய சோதனை ஒரு மாதத்துக்குள் அணைக்கப்பட்டுவிடும்.

தப்பாகப் போன இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ஆனால் அதே எண்ணில் மறுபடி போட முடியாது. இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். இதுவும் டிஸ்பாட்ச் மேசையில் ஒட்டியிருக்க வேண்டிய செய்தி.

வெளியே விடக்கூடியது, விடக்கூடாதது

மூன்றாவது வழியை எடுப்பவர்கள் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சர்வர், பேக்கப், ஃபயர்வால், கணினி பராமரிப்பு எல்லாம் வெளியே போகலாம், போகட்டும். உள்ளே இருக்க வேண்டியவை நான்கு: மாஸ்டர் தரவு, ஈ.ஆர்.பி. (கணக்கு, சரக்கு, உற்பத்தியை இணைக்கும் மென்பொருள்) அமைப்புகள், யாருக்கு எந்த அனுமதி என்ற முடிவு, ஒப்பந்தக்காரரை மேற்பார்க்கும் ஆள்.

டொமைன் பதிவும் உயர்நிலை அட்மின் கடவுச்சொற்களும் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். பேக்கப் எடுத்ததாக அறிக்கை வந்தால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு சர்வரை மீட்டெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, பட்டியலிட்ட சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் உங்களுக்கு 24 மணி நேரத்தில் சொல்வதாக எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரியும் முன்பே அவர் கவனித்து ஆறு மணி நேரம் கடந்துபோயிருக்கலாம். இரண்டு மணி நேரம் என்று மாற்றுங்கள்.

செலவை யார் கணக்கில் எழுதுவது

சண்டை மூளும் இடம் இதுதான். முதல் முறை, எல்லாச் செலவும் தலைமைக் கணக்கில். எளிது, ஆனால் எந்தத் துறைக்கும் விலை தெரியாது, கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, துறைவாரியாகக் காட்டுவது மட்டும், பணம் மாறாது. மூன்றாவது, துறையின் பட்ஜெட்டிலிருந்தே பிடித்தம்.

மூன்றாவதுதான் ஒழுங்கு என்று பலர் நம்புகிறார்கள். நடுத்தர ஆலையில் அது கெடுதல் செய்யும். தலைக்கு இவ்வளவு லைசென்ஸ் கட்டணம் என்று பிடித்ததும் ஸ்டோர்ஸில் நான்கு பேர் ஒரே லாகினில் வேலை செய்யத் தொடங்குவார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும், அதை அணைக்க வழி இருக்கக்கூடாது. தடம் இருக்கும், நான்கு பேர் செய்ததும் ஒருவர் பெயரில் இருக்கும். சரக்கு இருப்பில் வித்தியாசம் வந்தால் அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இது அநியாயம், மிச்சமான லைசென்ஸ் பணத்துக்கு ஈடாகாது. எனவே இரண்டாவது முறையையே பரிந்துரைக்கிறோம்: மாதாமாதம் ஒவ்வொரு துறைத் தலைவருக்கும் ஒரு பக்கம், அதில் இரண்டே வரிகள். இருப்பதை ஓட்டுவதற்கு எவ்வளவு, புதிதாக மாற்றுவதற்கு எவ்வளவு.

யாருக்குக் கீழே?

ஐ.டி. நிதித் தலைவருக்குக் கீழே இருந்தால் கணக்கும் வரியும் நேர்த்தியாக நடக்கும். உற்பத்தியின் தேவை வரிசையில் கடைசிக்குப் போகும். எம்.டி.க்கு நேரடியாக இருந்தால் முடிவு வேகம். ஆனால் காலையில் சொன்னது மாலையில் மாறும் அபாயமும் உண்டு. எங்கள் பார்வையில் இது அவ்வளவு பெரிய கேள்வியல்ல. தினசரி உற்பத்திக் கூட்டத்திலும் மாதாந்திர விற்பனைத் திட்டக் கூட்டத்திலும் ஐ.டி.க்கு ஒரு நாற்காலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இயந்திரம் வாங்க ஆர்டர் போன பிறகு ‘இதை ஈ.ஆர்.பி.யோடு இணைத்துக் கொடுங்கள்’ என்று கேட்டால் அங்கே பங்காளி என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

எஸ்.ஏ.பி. என்ற ஈ.ஆர்.பி. மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது இப்போதே வேண்டும். அதன் பழைய பதிப்பான ஈ.சி.சி. 6.0-இன் பிந்தைய மேம்பாட்டுப் பொதிகளுக்கும் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. சேவைப் பிரிவு இதைப் பதிப்பு மாற்றமாகப் பார்க்கும், ஒப்பந்தக்காரர் மாற்றித்தரும் செலவுக்குக் கொட்டேஷன் தருவார். கூட்டத்தில் இருக்கும் ஐ.டி., பல வருடமாகச் சேர்ந்த இசட் புரோகிராம்களில் (நிறுவனம் தனக்கென எழுதிக்கொண்டவை) கடந்த ஓராண்டில் எவை ஓடின என்று பட்டியல் எடுத்து, ஓடாதவற்றைத் துறைத் தலைவர் கையெழுத்தோடு நீக்கிவிட்டுத்தான் கொட்டேஷன் கேட்கும்.

கூட்டத்துக்கு யாரை அனுப்புவது

நாற்காலியில் உட்காரும் ஆள் பொருத்தமில்லாவிட்டால் எல்லாம் வீண். நெட்வொர்க் நன்றாகத் தெரிந்தவரைப் பதவி உயர்வாக அங்கே அனுப்புவது வழக்கம். அவர் கூட்டத்தில் பேசமாட்டார், அல்லது எல்லாக் கோரிக்கைக்கும் சரி சொல்லிவிட்டு வருவார். பி.பி.சி.யில் (உற்பத்தித் திட்டமிடல் பிரிவில்) ஐந்தாறு வருடம் இருந்த ஒருவரை எடுத்து ஈ.ஆர்.பி. கற்றுக்கொடுப்பது நல்லது, பாகப் பட்டியலும் லீட் டைமும் (பொருள் வந்துசேர ஆகும் காலம்) கையில் இருப்பவருக்கு மென்பொருள் சீக்கிரம் பிடிபடும். எட்டுப் பேரில் ஐவர் ஓட்டத்துக்கு, இருவர் மாற்றத்துக்கு, ஒருவர் இந்த வேலைக்கு. அந்த ஒருவருக்கு ஹெல்ப்டெஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் வாரத்திலேயே டிக்கெட் அவரை விழுங்கிவிடும்.

ஒன்று மறக்கக்கூடாது: மின்னஞ்சல் வாரம் ஒருமுறை நின்றுபோகும் நிறுவனத்தில் இந்த ஆளைக் கூட்டத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே அவரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி மின்னஞ்சலைப் பற்றித்தான் இருக்கும். முதல் மூன்று மாதத்தை அதிகம் திரும்பி வரும் ஐந்து கோளாறுகளுக்குக் கொடுங்கள், பிறகு நாற்காலி கேளுங்கள்.

அதன்பின் வரும் ஒவ்வொரு புதுக் கோரிக்கைக்கும் ஒரே பக்கப் படிவம்: எந்த எண் மாற வேண்டும், இன்று அது எவ்வளவு, எவ்வளவாக வேண்டும், பொறுப்பு யார். ‘டிஸ்பாட்ச் வேகமாக வேண்டும்’ என்பதை ஏற்காதீர்கள். ‘பில் போட்டதிலிருந்து கேட் தாண்ட 55 நிமிடம் ஆகிறது, 25 ஆக வேண்டும்’ என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் கையெழுத்து கேட்ட துறையின் தலைவருடையது, ஐ.டி. மேலாளருடையது அல்ல. ஆறு மாதம் கழித்து கேட்டில் நின்று மறுபடி நேரம் எடுத்து, அதே தாளில், அதே கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.