லக்கி டிராவில் விழுந்த சோபாவும் வரிக் கணக்கும்: விட்டா இலவச மையம் எப்படி?

அண்ணனுக்கு 62 வயது, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் அமெரிக்காவில் எஸ்எஸ்டிஐ உதவித்தொகையில் (வேலை செய்ய முடியாதவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அமைப்பு தருவது) இருக்கிறார். 2024இல் ஒரு கடையின் இலவச லக்கி டிராவில் அவருக்கு சோபா செட்டும் பெரிய டிவியும் விழுந்தன. வீடே குஷியாக இருந்தது, அடுத்த ஜனவரியில் 8,000 டாலர் என்று மதிப்பு போட்டு வருமானத்தைத் தெரிவிக்கும் 1099-மிஸ்க் படிவம் வரும்வரை. பைசா கைக்கு வராவிட்டாலும் பரிசுப் பொருளின் சந்தை மதிப்பு வருமானம்தானாம்.

முதலில் கட்டணம் வாங்கும் ஒரு வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் 8,000ஐத் தூக்கி ஷெட்யூல் சி-யில், அதாவது சொந்தத் தொழில் வருமானமாகப் போட்டுவிட்டார். சுயதொழில் வரி மட்டுமே 1,130 டாலர்! சரி, பணம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது, ஏனென்றால் அது சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உழைத்துச் சம்பாதித்த பணமாக ஏறும், அப்புறம் 'உங்களால்தான் வேலை செய்ய முடிகிறதே' என்று அவர்கள் கேட்டால் உதவித்தொகைக்கே வேட்டு. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்து நூலகத்தில் நடக்கும் விட்டா என்ற இலவச வரி உதவி மையம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் வைக்கும் தேர்வில் தேறிய தன்னார்வலர்கள், காசே கிடையாது. எங்களுக்கு வாய்த்த அம்மா படிவத்தைத் திருப்பி வைத்து, பேனா முனையால் மூன்றாம் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்: 'மற்ற வருமானம்'. அவ்வளவுதான் விஷயம். வரி அறிக்கையின் இணைப்பான ஷெட்யூல் 1-இல் பரிசுகளுக்கென்றே இருக்கும் '8i' என்ற வரிசையில் எழுதினார், சுயதொழில் வரி காணாமல் போனது.

பிறகு ஒரு காகிதத்தில் கணக்கு போட்டார். அண்ணனின் உதவித்தொகை வருடத்துக்கு 21,600, அதில் பாதி 10,800, பழைய கம்பெனி பென்ஷன் 9,000, பரிசு 8,000, ஆக 27,800. தனி ஆளுக்கு 25,000 தாண்டினால்தான் உதவித்தொகையில் கை வைப்பார்கள் (1983இல் வைத்த வரம்பு, இன்னும் அப்படியே கிடக்கிறது). தாண்டிய 2,800இல் பாதி, 1,400 மட்டும் வரிக்குள் வந்தது. பென்ஷன், பரிசு, இந்த 1,400 மூன்றையும் கூட்டி, நிலையான கழிவு 14,600 போக வரி 380 டாலர். இன்னொருவர் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்த பிறகுதான் அனுப்பினார்கள்.

ஒரு விஷயம், இவர்கள் பார்ப்பது வரி மட்டும். எஸ்எஸ்டிஐ தொகை பரிசால் குறையாது, ஆனால் வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐ வாங்குபவர்கள் கதை வேறு: ரொக்கப் பரிசு விழுந்தால் தொகை வெட்டுப்படும், அதில் மிச்சமிருப்பது மற்ற சேமிப்போடு 2,000 டாலரைத் தாண்டினால் அடுத்த மாதம் தொகையே நின்றுவிடும். அவர்கள் நேரே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது. விட்டா மையத்துக்குப் போகும்போது புகைப்பட அடையாள அட்டையையும் சோஷியல் செக்யூரிட்டி கார்டையும் மறக்காதீர்கள்.

நான் ஐந்து நட்சத்திரம் தருகிறேன். சோபாவும் அருமைதான், என்ன, முதுகு வலிக்கிறது என்று அண்ணன் அதில் உட்காருவதே இல்லை.