பின் ஆக்சிலில் தொங்கும் தகட்டை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்

மிச்சிகனில் பழைய ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கும் நண்பர்களும், வாங்கலாம் என்று எண்ணியிருப்பவர்களும் அவசியம் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 1968ஆம் ஆண்டு வண்டி. 289 கன அங்குல வி8 இன்ஜினும் மூன்று கியர் சி4 ஆட்டோமேட்டிக் பெட்டியும் கொண்டது. ஆலையிலேயே பொருத்தப்பட்ட 8 அங்குலப் பின் ஆக்சிலும் (உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் அது) அதன் 2.79 விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) நெடுஞ்சாலைக்கு நன்றாக ஒத்துவந்தன என்றாலும், சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி மெத்தனமாகவே நகரும். ஆகவே 3.50 விகிதம், இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிரும் டிராக்‌ஷன்-லாக் டிஃபரன்ஷியல், 31 ஸ்ப்லைன் (நுனியில் வெட்டிய பல்வரிகள்) கொண்ட ஆக்சில் ஷாஃப்டுகள் ஆகியவற்றுடன் ஒரு 9 அங்குல ஆக்சிலைப் பொருத்தித் தரும்படி டெட்ராய்ட் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒப்படைத்தேன். மொத்தம் 3,800 டாலர். வேலை முடிவதற்கு முன்பே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று பட்டறைக்காரர் அதை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ஆக்சிலின் உறையான ஹவுசிங்கில் தொங்கிய சிறு தகட்டைக் காட்டினார். அதில் 3எல்50 என்று பொறித்திருந்தது. ஃபோர்டு தகடுகளில் எண்களுக்கு நடுவே எல் என்ற எழுத்து இருந்தால் டிராக்‌ஷன்-லாக் உள்ளது என்று பொருள் என்பது எனக்குத் தெரியும். ஹவுசிங் முழுவதும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருக்க, தகட்டைப் பிடித்திருந்த அந்த ஒரு போல்ட் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் கேட்காமல் வந்துவிட்டேன்.

கிளம்பும் வேகம் அபாரமாக இருந்ததால் இரண்டு வாரம் மகிழ்ச்சியாக ஓட்டினேன். ஸ்பீடோமீட்டர் 70 மைல் காட்டும்போது இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,200 சுற்றுகள் காட்டியது. 26 அங்குல உயரமுள்ள டயருக்கும் 3.50 விகிதத்துக்கும் அது சரியான கணக்குதான். ஆனால் 70இல் போகும் என்னை எல்லா வண்டிகளும் விருட்டென்று கடந்து சென்றன. கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் பார்த்தபோது உண்மையான வேகம் 60 மைல்தான் என்று தெரிந்தது. ஸ்பீடோமீட்டர் தன் கணக்கைச் சக்கரத்திலிருந்து எடுப்பதில்லை. கியர் பெட்டியின் வெளிவரும் ஷாஃப்டிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம் வழியாக எடுக்கிறது. அந்தப் பல்சக்கரத்தை 3.50க்கு ஏற்றதாக மாற்றிவிட்டு, ஆக்சிலுக்குள் 4.11 விகிதத்தை வைத்துவிட்டால், இரண்டு மீட்டர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியே பொய் சொல்லும். 60ஐ 3.50ஆல் வகுத்து 4.11ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 70 வரும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு இடது சக்கரத்தைச் சுற்றினேன். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. டிராக்‌ஷன்-லாக் இருந்திருந்தால் இரண்டும் ஒரே திசையில் சுற்றியிருக்க வேண்டும். பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சக்கரத்தை நண்பரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றியபோது, அந்தக் கோடு நான்கு சுற்றையும் தாண்டிச் சற்றே கூடுதலாக நகர்ந்து நின்றது. 3.50 என்றால் அது மூன்றரைச் சுற்றில் நின்றிருக்க வேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்த்தபோது மிச்சமும் வெளிவந்தது. கிரவுன் வீலின் விளிம்பில் 37-9 என்று பல் எண்ணிக்கை குத்தியிருந்தது; 37ஐ 9ஆல் வகுத்தால் 4.11. ஷாஃப்டுகளில் எண்ணியது 28 ஸ்ப்லைன். பல்சக்கரப் பற்களுக்கு இடையிலான தளர்வு டயல் கேஜில் 22 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டியது. 8 முதல் 12 தௌவுக்குள் இருக்க வேண்டிய அளவு அது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வந்துகொண்டிருந்த ஊளைச் சத்தத்துக்குக் காரணமும் அதுதான். ஹவுசிங்கின் அகலமோ சக்கரம் பொருந்தும் ஒரு முனைத் தட்டிலிருந்து (ஃபிளேஞ்ச்) மறுமுனைத் தட்டுக்கு 61¼ அங்குலம். 1971 முதல் 1973 வரையிலான மஸ்டாங்கின் அளவு அது. என் வண்டிக்கு 59¼ போதும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டயர் மட்கார்டில் உரசியது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால், விகிதத்தை மட்டும் எழுதி வாங்காமல் பல் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள்: 3.50க்கு 35-10, 3.25க்கு 39-12, 3.00க்கு 39-13. ஹவுசிங்கில் ஏற்றுவதற்கு முன் அந்த எண்ணை நேரில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வண்ணம் தடவிப் பல் பதியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் மறுக்க மாட்டார். 8 அங்குலத்தையே 9 என்று சொல்லி விற்பவர்களும் இருப்பதால், ஆக்சிலின் முன்பக்கத்தில் கீழே உள்ள நட்டுகளில் சாக்கெட் மாட்டிப் பாருங்கள். 9 அங்குலத்தில் நுழையாது, ஸ்பானர்தான் பிடிக்கும்.

பணத்தைவிட எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வண்டியோடு பிறந்த அந்த 8 அங்குல ஆக்சிலைத் திரும்பக் கேட்டபோது, மாற்றுப் பொருளாக எடுத்துக்கொண்டு விற்றுவிட்டோம் என்றார்கள். நான் கையெழுத்திட்ட மதிப்பீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. மிச்சிகனில் 1974ஆம் ஆண்டின் வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம் பட்டறைகளை மாநிலச் செயலர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. படங்கள், பில், இரண்டாவது மெக்கானிக்கின் அறிக்கை ஆகியவற்றோடு அங்கே புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

இந்தப் பகுதியில் யாராவது அண்மையில் 1968 மஸ்டாங்கின் 8 அங்குல ஆக்சில் வாங்கியிருந்தால், இடப்பக்க லீஃப் ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலப் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் துருவைச் சுரண்டி நான் பூசியது அது. இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.