தனி அறையா, சேர்ந்து எடுத்த வீடா?

வீட்டை விட்டு வெளியே தங்கப் போகிறவர்கள் வாடகை எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ராத்திரி திரும்பி வரும்போது விளக்கு எரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. முதல் மூன்று வருடம் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து எடுத்த வீட்டில் இருந்தேன், இப்போது இரண்டு வருடமாகத் தனி அறை. இரண்டையும் பார்த்த பிறகு, பெற்றவர்கள் வீட்டில் கணக்கிலேயே வராத சின்னச் சின்ன சுகங்களை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும் என்று தோன்றுகிறது.

தூக்கத்தில் தனி அறைக்குத்தான் என் ஓட்டு. புது இடத்தில் முதல் நாள் தூக்கம் பிடிக்காதது வெறும் மனப்பிரமை இல்லை. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், புது இடத்து முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை என்று தெரியவந்தது. வித்தியாசமான சத்தம் கேட்டால் அந்தப் பாதிதான் அதிகமாகத் துணுக்குறுகிறது. சில நாள் கழித்து அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு இல்லை. தனி அறையில் ராத்திரிச் சத்தங்கள் தினமும் ஒன்றேதான், சீக்கிரம் பழகிவிடும். சேர்ந்திருக்கும் வீட்டில் ஒருவர் நள்ளிரவில் குளிப்பார், இன்னொருவரின் அலாரம் விடியற்காலையில் அடிக்கும். எத்தனை மாதமானாலும் அதற்கு மட்டும் பழகவே முடியவில்லை.

அப்புறம் வாசனை. மற்றப் புலன்கள் அனுப்பும் தகவல் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய போர்வையை முகத்தில் போட்டதும் நெஞ்சு அடைப்பது அதனால்தான். சேர்ந்திருந்த வீட்டில் எல்லோர் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்ததில், ஒரே வாரத்தில் அது யாருடைய போர்வையோ ஆகிவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன்.

இதுவரை தனி அறைதான் முன்னால் நிற்கிறது. ஆனால் இவையெல்லாம் பொருளோடு ஒட்டிய சுகங்கள். மூட்டை கட்டி எடுத்து வர முடியாதவை வேறு இருக்கின்றன.

சோப்பு ஒரு உதாரணம். வீட்டில் இருந்தவரை சோப்பு தீர்ந்துபோய் நான் பார்த்ததே இல்லை. தேய்ந்து வில்லையாகும்போதே பக்கத்தில் புதியது வந்து உட்கார்ந்திருக்கும். யார் வைத்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தனி அறைக்கு வந்த மூன்றாம் வாரம், நுரை வழியும் முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டு அலமாரியைத் தடவியபோதுதான், வீட்டில் யாரோ ஒருவர் இத்தனை வருடமாக என் சோப்பைக் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பது உறைத்தது. சேர்ந்திருந்த வீட்டில் அந்த அளவுக்குக் கவனிப்பு கிடையாது. ஆனால் கதவைக் கொஞ்சம் திறந்து, "சோப்பு இருந்தா கொடேன்" என்று குரல் கொடுக்கலாம். கொடியில் காயும் துணியும் அப்படித்தான். மழை வந்தால் வீட்டில் இருக்கிறவர் தன்னுடையதோடு என்னுடையதையும் சேர்த்து அள்ளிப்போட்டிருப்பார்.

உடம்புக்கு முடியாத நாளில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். தனி அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த ராத்திரி, தாகத்தைவிட, எழுந்துபோய்த் தண்ணீர் பிடிக்க வேண்டுமே என்ற நினைப்புதான் பெரிய வேதனை. சேர்ந்திருந்த வீட்டில் இருந்தபோதும் ஒருமுறை காய்ச்சல் வந்தது. கூட இருந்த இருவரில் அதிகம் பேசாதவர் ராத்திரி இரண்டு முறை வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையின் குளிர்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆள்கூட்டம் இருக்கும், நமக்கென்று ஒரு மூலை இருக்காது. அதனால் இரண்டு வகைச் சுகமும் அங்கே பாதிப் பாதிதான்.

முதல் முறையாக வீட்டை விட்டு வருகிறவர் கேட்டால், சேர்ந்து எடுத்த வீட்டுக்கே போகச் சொல்வேன். தூக்கம் கெடும், போர்வை போகும், சரி. ஆனால் ஆள் பார்த்துச் சேர வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மூன்று பேர் இருக்கும் வீடு, தனி அறையைவிட மோசம். தனியாக இருக்கத் தெரிந்தவருக்கு, இரண்டு மூன்று வருடம் கழித்து, தனி அறை நன்றாகவே பொருந்தும்.

எனக்கு இப்போது அது பொருந்தியிருக்கிறது. ஒன்றே ஒன்றைத் தவிர. சேர்ந்திருந்த வீட்டில் கடைசியாக வருகிறவருக்காக வாசல் விளக்கை அணைக்காமல் விடுவோம். தெருமுனையில் திரும்பும்போதே அது தெரியும். இப்போது இருட்டில் பூட்டைத் தடவித் திறந்து, உள்ளே போய், இடது பக்கச் சுவரில் ஸ்விட்சைத் தேடுகிறேன்.