ஏர்பேக் மாட்யூல் மாற்றப் போகிறீர்களா? 18,500 ரூபாய் ஏமாந்தவன் எழுதுகிறேன்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஏர்பேக் மாட்யூல் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன மாத மழையில் எங்கள் வேளச்சேரி தெருவில் தண்ணீர் ஏறி, காருக்குள் சீட் வரை வந்துவிட்டது. 2019 மாடல் வண்டி. காயவைத்ததும் இன்ஜின் ஓடியது, ஏசி ஓடியது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவில்லை. விபத்து நேரத்தில் பையை விரிக்கச் சொல்லும் பெட்டிதான் மாட்யூல். என் வண்டியில் அது கியர் லிவருக்குக் கீழே தரையை ஒட்டி இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போய்விட்டது. கம்பெனி சர்வீஸில் புது மாட்யூல், புரோகிராமிங் எல்லாம் சேர்த்து 41,000 சொன்னார்கள். என்னிடம் இருந்தது வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். அதில் இதற்கு ஒரு பைசா வராது.

அப்போதுதான் ஆன்லைனில் இந்தக் கடை கண்ணில் பட்டது. பழைய கார் பாகங்கள் விற்கிற கடை. பெயர் வேண்டாம். மாட்யூல், உங்கள் சேஸிஸ் நம்பரை அதில் ஏற்றுவது, வீட்டுக்கே வந்து மாட்டுவது எல்லாம் 18,500 என்றார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: "அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்ததில்லையே?" ஒரு தடவை பை வெடித்துவிட்டால் அந்த விபத்து மாட்யூலின் நினைவில் பதிந்து, பெரும்பாலும் அது பூட்டிக்கொள்ளும். வண்டியின் கோளாறைப் படிக்கும் சாதாரண ஸ்கேனரில் அழிக்க முடியாது. அதற்கு அந்த ஆள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "சார், எனக்கும் பொண்ணு இருக்கு. குழந்தை போற வண்டிக்கு அப்படிப்பட்ட பொருளைக் கொடுப்பேனா?"

அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தேன். அன்று ராத்திரியே 10,000 ஜிபே செய்தேன்.

இரண்டு நாளில் ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். பேட்டரி வயரைக் கழற்றிய கையோடு ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கினான். உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும், சில நிமிடம் விட்டுத்தான் தொட வேண்டும். "தம்பி, கொஞ்சம் பொறுப்பா" என்றேன். "டெய்லி பண்றது சார்" என்று சிரித்தான். அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். மீட்டரையும் கழற்றினான். எதற்கு என்று கேட்டால் "கோடிங் சார்" என்றான். முக்கால் மணி நேரம் கழித்து லேப்டாப்பைத் திருப்பி, கோளாறு எதுவும் இல்லை என்று காட்டினான். அது ஏர்பேக் பக்கமா இன்ஜின் பக்கமா, யார் கண்டார்கள். விளக்கு எரியவில்லை. மீதி 8,500ஐக் கையில் கொடுத்தேன்.

பதினோரு நாள் அந்த வண்டியில் போனோம். மனைவி முன் சீட்டில், மகள் பின்னால். திண்டிவனம் வரை ஜிஎஸ்டி ரோட்டில் நூறில் ஓட்டியிருக்கிறேன்.

நேற்று ஹார்ன் வேலைக்கு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் விட்டேன். சாவியைத் திருப்பியவர், "என்னப்பா, ஏர்பேக் விளக்கு வரவே இல்லையே" என்றார். சாவி போட்டதும் அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கு பழுது, இல்லை யாரோ கை வைத்திருக்கிறார்கள். மீட்டரைத் திறந்தோம். விளக்கின் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு டேப். வெட்டி, பதமாக ஒட்டியிருக்கிறது. உரித்ததும் விளக்கு பளீரென்று எரிந்தது. ஸ்கேனர் போட்டால் விபத்துப் பதிவு அப்படியே இருக்கிறது, சேஸிஸ் நம்பர் வேறு யாருடையதோ. மாட்யூலின் மேல் இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினோம். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், பார்ட் நம்பரே வேறு. டேப்புக்கா 18,500 ரூபாய்?

போன் செய்தேன். முதலில் "உங்க வயரிங் பிராப்ளம் சார்." டேப் போட்டோவை அனுப்பினேன். "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை பேசுங்க." மூன்றாவது தடவை, "எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, சொல்லித்தானே கொடுத்தோம்." சொல்லவே இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. 18,500 ரூபாய் எனக்கு ஒரு மாதப் பள்ளிச் செலவும் மளிகையும். அதையாவது சம்பாதித்துக்கொள்வேன். குழந்தையின் பெயரைச் சொல்லி விற்றானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். விவரமாக எழுத இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இதை மட்டும். பழைய மாட்யூல் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆளின் ஸ்கேனரில் போட்டுப் பாருங்கள். பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். மீட்டரைக் கழற்ற விடாதீர்கள். பில் இல்லாமல் ஜிபே செய்யாதீர்கள், நான் வாங்கவில்லை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இன்றைக்கே சாவியைத் திருப்பி அந்த விளக்கு வந்து போகிறதா என்று பாருங்கள்.

வண்டி ஷெட்டில் நிற்கிறது. மகளை நாளைக்கு ஆட்டோவில்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.