கிட் கோலாவோடு ஏழு வருடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), கூலி, சேதாரம் எல்லாம் திரையில் தமிழில்தான் வர வேண்டும். அதனால் நிரலுக்குள்ளும் தமிழ், கோப்புப் பெயரிலும் தமிழ், கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்வது) குறிப்பிலும் தமிழ். நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருளான கிட்டுக்கு, கட்டளை தட்டாமல் மவுஸால் இயக்க நல்ல திரைக்கருவி எது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். எனக்கு முதல் கேள்வியே வேறு: அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியுமா?

கட்டளை தட்டும் டெர்மினலில் ஆரம்பித்தபோதே இந்தத் தொல்லை வந்தது. கொலுசு என்று தொடங்கும் கோப்பை, மாறியவற்றைப் பட்டியலிடும் ஸ்டேட்டஸ் கட்டளையில் பார்த்தால் \340\256\225\340\257\212 என்று எண்களாக ஓடும். கோர் டாட் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ்ப் பெயர் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல நாள் ஆனது.

அப்புறம் கிட்கே என்ற வரலாறு காட்டும் திரைக்கருவி. பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், பிராஞ்ச் (தனிக் கிளையாகப் போகும் வேலை) வரலாற்றை அவ்வளவு தெளிவாகக் காட்டும். ஆனால் அது டிகே என்ற திரை அமைக்கும் கருவித்தொகுப்பில் எழுதியது. என் உபுண்டு லினக்ஸில் ‘வெள்ளி’யின் ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ஒரு நாள் முழுக்க அப்படியே படித்தால் கண் வலிக்கிறது.

கிட் கோலா என்ற திரைக்கருவி க்யூட்டி என்ற வேறொரு தொகுப்பில் ஓடுவதால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன. அதற்காகத்தான் உள்ளே போனேன். அங்கேயே தங்கியதற்குக் காரணம் வேறு: மாற்றிய வரிகளில் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டேஜ் செய்யலாம், அதாவது அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைக்கலாம்.

ஒரு சாயங்காலம் பில் அச்சு வடிவத்தைப் பாதி மாற்றி வைத்திருந்தேன். ஒரு பட்டறையிலிருந்து போன்: சேதாரம் தசமத்தில் தப்பாக வருகிறதாம். அதே கோப்பில் நான்கு வரி திருத்தினால் போதும், ஆனால் அரைகுறை அச்சு வேலையும் அதே கோப்பில்தான் கிடந்தது. வலப்பக்கம் டிஃப் (மாறிய வரிகளைக் காட்டும் பலகை) திறந்திருந்தது. அந்த நான்கு வரியையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஸ்டேஜ் செய்து கமிட் போட்டு அனுப்பினேன். அச்சு வேலை கலையாமல் அப்படியே இருந்தது. டெர்மினலிலும் ஆட் கட்டளையோடு மைனஸ் பி போட்டு இதைச் செய்யலாம். ஆனால் கடைக்காரர் போனில் காத்திருக்கும்போது கண்ணால் பார்த்துத் தொட்டு எடுப்பது தனி நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. ரிவர்ட் (மாற்றத்தை அழித்துப் பழைய நிலைக்குத் திருப்புவது) என்று மெனுவில் இருப்பதை யோசிக்காமல் தொடாதீர்கள். ஸ்டேஜ் ஆகாத அரைநாள் வேலையை நான் அப்படி இழந்தேன். கமிட் நகர்வுகளைக் குறித்து வைக்கும் ரிஃப்ளாக்கில் தேடியும் கிடைக்கவில்லை, கமிட் ஆகாதது அதில் வராது. ஒரு தடவை ஸ்டேஜ் செய்திருந்தால்கூட எஃப்எஸ்சிகே (fsck) என்ற சோதனைக் கட்டளையால் தோண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. அன்றிலிருந்து எழுந்து டீ குடிக்கப் போனாலும் ஸ்டேஜ் செய்துவிட்டுத்தான் போகிறேன்.

என்னோடு வேலை செய்யும் பெண் விண்டோஸில் டார்ட்டாய்ஸ்கிட் என்ற திரைக்கருவி வைத்திருக்கிறார். கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்கு ஃபோல்டர் மேலேயே பச்சை டிக் தெரிவது பெரிய தைரியம். ஒரு நாள் “நாலு வரிதாண்ணா மாத்துனேன், ஃபைல் முழுக்கச் செவப்பா காட்டுது” என்று பதறினார். வரி முடிவுக் குறி விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி. கிட் ஆட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பில் ஸ்டார் டெக்ஸ்ட் ஈக்வல்ஸ் ஆட்டோ (* text=auto) என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. டிஃபை வண்ணத்தில் பார்த்திராவிட்டால் அப்படியே கமிட் ஆகியிருக்கும்.

ஒரே வரியை இருவரும் மாற்றி மோதல் வந்தால் இருவருக்கும் மெல்ட் என்ற ஒப்பிடும் கருவிதான். மூன்று பத்தி திறக்கும், நடுவில் இருப்பதைத் திருத்திச் சேமித்தால் போதும்.

குறைகளும் உண்டு. கிட் கோலாவை முதலில் திறந்தால் பலகைகள் நெருக்கியடித்து நிற்கும். இழுத்து நகர்த்தி நம் வசதிக்கு அமைத்துக்கொள்ள வேண்டும். வரலாறு பார்க்க இன்றும் நான் கிட்கேவைத்தான் திறக்கிறேன், கொம்பு தள்ளி நின்றாலும். இன்னொன்று, கமிட் தலைப்பை 50 எழுத்துக்குள் வைப்பது கிட் வழக்கம். நமக்குக் கொலுசு மூன்று எழுத்து, உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணும் கணினிக்கு ஆறு. தமிழில் எழுதுகிறவர்கள் அந்த அளவை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் 70 வரை போகவிடுகிறேன்.

ஏற்காட்டில் மாமனார் வீட்டுக்குப் போனால் அடிக்கடி நெட் இருக்காது. கமிட்டுக்கு நெட் தேவையில்லை என்பதால் வேலை நிற்பதில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மலையடிவாரக் கோரிமேடு வந்ததும், என்னென்ன போகப்போகிறது என்று ஒரு தடவை பட்டியலில் பார்த்துவிட்டுப் புஷ் செய்து சர்வருக்கு அனுப்புகிறேன்.