லீ காலெட் டை: விலை குறைவு, பூட்டுவதில்தான் வேலை

ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் நம் ஆட்களில் குறைவுதான், ஆனால் அமெரிக்காவில் இருக்கும் சிலராவது இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். லீ பிரிசிஷன் தயாரிக்கும் காலெட் நெக் சைசிங் டையை, அதாவது தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கும் அச்சை, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில், நெடுநாளாகப் பயன்படுத்துகிறேன். முப்பது நாற்பது டாலர் கொடுத்து வாங்கும் பொருளுக்கு இது செய்யும் வேலை அதிகம். ஆனால் பூட்டுகிற விதம் தெரியாமல் வாங்கினால் முதல் நாளே திட்டித் தீர்ப்பீர்கள்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சுட்ட பிறகு பித்தளைக் கூடு சேம்பரின், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் குழியின், அளவுக்கு விரிந்து நிற்கும். குண்டைப் பிடிக்க அதன் கழுத்தை மறுபடி சுருக்கியாக வேண்டும். சாதாரண டை கழுத்தை வெளியிலிருந்து தேவைக்கு அதிகமாகவே நசுக்கிவிட்டு, திரும்பி வரும்போது உள்ளே ஒரு உருண்டையை இழுத்து அதை விரிக்கும். அந்த இழுப்பில்தான் கழுத்து கோணிக்கொள்கிறது, அதோடு கழுத்துக்கு உள்ளே மசகு தடவுகிற தொல்லை வேறு. காலெட் டையில் இந்த இழுப்பே கிடையாது. உள்ளே மான்ட்ரல் என்ற வழவழப்பான எஃகுத் தண்டு நிற்கும், அதைச் சுற்றி நிற்கும் காலெட் என்ற குழலின் கீறிவிட்ட விரல்கள் கழுத்தை அந்தத் தண்டோடு சேர்த்து அழுத்தும், அவ்வளவுதான். கோவைப் பக்கம் லேத் பட்டறையில் காலெட் சக் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மசகு தேவையில்லை, துடைக்கிற வேலையும் இல்லை, கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியான பழைய பிரைமரையும் அதே அழுத்தில் தள்ளிவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கழுத்தின் சுவர் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், ரெடிங் போன்ற கம்பெனிகளின் புஷிங் டை (மாற்றக்கூடிய வளையத்தால் கழுத்தை வெளியிலிருந்து சுருக்குவது) வெளிப்புறத்தை வட்டமாக்கிவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தை உள்ளே தள்ளிவிடும். காலெட் டை அதை வெளியே தள்ளி உட்புறத்தை வட்டமாக்கும். குண்டு உட்காருவது உள்ளேதானே.

சரி, இனி பூட்டுவது. மற்ற டைகளைப் போல கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை பிரஸ் என்ற நெம்புகோல் கருவியில் திருகி, டையை நிலைநிறுத்தும் லாக் ரிங்கை இறுக்கிவிட்டுப் போக முடியாது. இங்கே ஷெல் ஹோல்டர்தான் காலெட்டை மேலே தள்ளி விரல்களை மூட வைக்கிறது, அதனால் தொட்ட பிறகும் டை கீழே இறங்கியாக வேண்டும். கைப்பிடியை இழுத்தால் ஷெல் ஹோல்டரோடு மேலே வரும் தண்டான ராமை முழுக்க உயர்த்தி, டையை ஷெல் ஹோல்டர் தொடும்வரை கையால் திருகுங்கள். அப்புறம் ராமை இறக்கிவிட்டு இன்னொரு முழுச் சுற்று. டையின் மரை அங்குலத்துக்கு 14, அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் இறங்கும். இப்போது சுட்ட கூடு ஒன்றை வைத்து மெதுவாக உயர்த்துங்கள். கைப்பிடி கடைசியில் நன்றாகக் கெட்டிப்பட வேண்டும். தளர்வாகப் போய் நின்றால் டையை இன்னும் எட்டில் ஒரு சுற்று இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் மறுபடி அதே அளவு. நான் விரும்புவது, கைப்பிடியின் கடைசி ஓரிரு அங்குலத்தில் முழு அழுத்தமும் வருகிற நிலை. பிரஸ்ஸின் நெம்புபலம் அங்கேதான் அதிகம், கை வலியும் குறைவு, ஒவ்வொரு கூட்டுக்கும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் கிடைக்கும். அழுத்தம் போதாவிட்டால் கழுத்து பாதி மட்டும் சுருங்கி, குண்டு கைவிரலால் தள்ளினாலே உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சேம்பரில் ஏற்றவே கூடாது. அதற்காக ஆள் முழுக்கத் தொங்கவும் வேண்டாம், டையின் மேல்மூடி அலுமினியம், அளவு மீறினால் அதன் மரை போய்விடும். கழுத்து தண்டில் உட்கார்ந்த பிறகு கூடுதலாக எவ்வளவு அழுத்தினாலும் அது அதற்கு மேல் சுருங்கப் போவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: கூடு இல்லாமல் கைப்பிடியை முழுக்க இழுக்காதீர்கள். விரல்கள் வெறும் தண்டின் மேல் மூடி, அப்படியே சிக்கிக்கொள்ளும். அடுத்து வைக்கிற கூட்டின் வாய் மூடிய விரல்களில் மோதி நசுங்கும். அதே காரணத்தால் காலெட்டின் வெளிச்சரிவில் துளி கிரீஸ் தடவுவது நல்லது. நைஸ் எமரித்தாளால் அந்தச் சரிவைப் பளபளப்பாக்குகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அரை மணி நேர வேலைதான்.

இறுக்கம் சரியா என்று காலிப்பர் சொல்லிவிடும். சுருக்கிய கழுத்தின் வெளி விட்டத்தையும், குண்டு ஏற்றிய பிறகு அதே இடத்தையும் அளந்து பாருங்கள். 0.001 முதல் 0.002 அங்குலம் வித்தியாசம் இருந்தால் இலக்குத்தாள் சுடுகிறவருக்குப் போதும். இன்னும் இறுக்கம் வேண்டுமானால் டையை மேலும் இறக்கிப் பயனில்லை, மெலிந்த மான்ட்ரல் வாங்கிப் போட வேண்டும். புஷிங் டையில் புஷிங்கை மாற்றினால் வேலை முடிந்தது, அந்த வசதியில் ரெடிங்தான் மேல். ஆனால் விலையும் அதற்கேற்ப ஏறும், புஷிங்கைத் தனியாக வாங்க வேண்டும்.

லாக் ரிங் எனக்குப் பிடிக்கவில்லை. ரப்பர் வளையம் வைத்தது, டை கொஞ்சம் அசைந்து தானாக நேராகட்டும் என்ற எண்ணத்தில் செய்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் டையைக் கழற்றி மாட்டும்போது வளையம் நகர்ந்து, பொறுமையாகக் கண்டுபிடித்த நிலை போய்விடும். பக்கவாட்டில் திருகு வைத்து இறுக்கும் ஹார்னடி அல்லது ஃபார்ஸ்டர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டால் நிம்மதி.

யார் வாங்க வேண்டாம் என்பதும் முக்கியம். செமி ஆட்டோமேட்டிக், லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்காரர்களுக்கு இது சரிப்படாது, அவற்றுக்கு முழுக் கூட்டையும் சுருக்கியே ஆக வேண்டும். ஒரு ரைஃபிளில் சுட்ட கூட்டைக் கழுத்து மட்டும் சுருக்கி இன்னொரு ரைஃபிளில் ஏற்றலாம் என்றும் நினைக்காதீர்கள், அது பழைய சேம்பரின் வடிவில்தான் இருக்கும். துல்லியச் சுடுதலில் பெரிய கைகள் பலர் இப்போது கழுத்து மட்டும் சுருக்குவதையே விட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை. கழுத்துக்குக் கீழே சரியும் தோளை 0.001, 0.002 அங்குலம் பின்தள்ளி முழுக் கூட்டையும் லேசாகச் சுருக்குவதே அவர்கள் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் நிதானமாகச் சுடுகிற என்னைப் போன்றவனுக்கு, மசகு இல்லாமல் சுத்தமாக வேலை முடிவதும் பித்தளை அதிகம் தேயாமல் இருப்பதும் பெரிய விஷயம்.

இருந்தாலும் நான்கைந்து முறை சுட்ட பிறகு கூடு சேம்பரை நிரப்பிக்கொண்டு போல்ட் மூட முரண்டு பிடிக்கும். அப்போது ஒருமுறை முழுக் கூட்டையும் சுருக்கும் டையில் போட்டு எடுத்தால்தான் சரியாகும். அதனால் காலெட்டும் குண்டு பொருத்தும் டையும் மட்டும் வருகிற இரண்டு டை செட்டை விட்டுவிட்டு, முழுக் கூடு டையும் சேர்ந்து வருகிற டீலக்ஸ் மூன்று டை செட்டையே வாங்குங்கள்.